இரண்டாம் குரல் நின்ற இடம்

அன்புள்ள அருள்,

ஹார்பர் சிஸ்டர்ஸ் குழுவின் முதல் குரல் நான் அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் ஆள் மாற்றி ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் லீட் சிங்கராமே, சொல்லவே இல்லையே" என்றார்கள். ஒருத்தி கண்கலங்கி, கல்யாணமானதும் உங்கள் கணவர் உங்களைப் பாடவிடாமல் தடுத்துவிட்டாராமே என்றாள். இதெல்லாம் எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தேன். உன் மகள் ஷெரினின் கல்யாணத்துக்காக நீ ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு மேரியிடம் போனை வாங்கி நானே படித்தேன். "என் அம்மா, அந்தக் காலத்தில் வடசென்னையைக் கலக்கிய பெண்கள் குழுவின் முதன்மைப் பாடகி. குடும்பத்துக்காகத் தன் குரலைத் தியாகம் செய்தவர். வரவேற்பு மேடையில் அந்தக் குரலை நாம் முதன்முறையாகத் தனியாகக் கேட்கப்போகிறோம்" என்று எழுதியிருக்கிறாய். இதில் "என் அம்மா" என்பது மட்டும் உண்மை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் வந்திருந்தால் போனில் பேசியிருப்பேன். நீ என்மேல் வைத்திருக்கும் பிரியத்தில் எழுதியிருக்கிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிரியத்தில் எழுதினாலும் பிழை பிழைதான். சின்ன வயதில் உன் கட்டுரை நோட்டில் நான் சிவப்பு மையில் திருத்தியபோதும் இதைத்தான் சொன்னேன். இந்தக் கடிதத்தை நீ அந்தக் குழுவில் அப்படியே போடலாம். போட்டால் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் நிறுத்தி, தெளிவான கையெழுத்தில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அப்பாவின் பீரோ மேல்தட்டிலிருந்து, எங்கள் குழுவின் பாட்டு பதிவான அந்தக் கேசட்டை எடுத்தாய். நாடா பூசணம் பிடித்துக் கிடந்தது. பெங்களூருக்கு எடுத்துப்போய், யாரிடமோ கொடுத்துச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, குரல்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறாய். அவ்வளவு மெனக்கெட்டதற்கு உன்னைப் பாராட்டுகிறேன். உன் அப்பாவின் பொறுமை உன்னிடம் இருக்கிறது. ஆனால் பிரித்த பிறகு, என் குரலைத் தூக்கி முன்னால் வைத்து, மற்ற இரண்டையும் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்து, அடியில் நாங்கள் கண்ணால்கூடப் பார்க்காத வயலின்களைச் சேர்த்து எனக்கு அனுப்பினாய். "அம்மா, இப்பதான் உன் குரல் கேக்குது" என்றும் எழுதியிருந்தாய். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். யாரோ ஒரு பெண் வீட்டு வேலை செய்துகொண்டே தனக்குள் முணுமுணுப்பதுபோல இருந்தது. ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்கிறாள், லேசாக ஏறுகிறாள், மறுபடி இறங்கிவிடுகிறாள். பாட்டு எங்கே என்று தேடினேன். ஷெரினுக்கு மிகவும் பிடித்துப்போனதாகச் சொன்னாய். அவளுக்குப் பாட்டியைப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

நாங்கள் மூன்று பேரும் சகோதரிகள் இல்லை. உன் பிள்ளைகளுக்கு அதுகூடத் தெரியாது என்பதால் சொல்கிறேன். குழுவின் பெயரைக் கேட்டுவிட்டு, ஒருமுறை தண்டையார்பேட்டைக் கல்யாண வீட்டில் கன்னியாஸ்திரிகள் வரப்போகிறார்கள் என்று நினைத்து, எங்களுக்குத் தனி அறையில் திரை கட்டி, காரமில்லாத சாப்பாடு வைத்திருந்தார்கள். மேகலாதான் முதல் குரல். காசிமேட்டுப் பெண். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். ஜைனப் அடிக்குரல். வண்ணாரப்பேட்டையிலிருந்து வருவாள். அவளுடைய அத்தா துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். மூவரும் ராயபுரத்துக் கான்வென்டில் ஒரே வகுப்பு. பாட்டு சொல்லித்தந்த சிஸ்டர் மேகலாவை மேலே போகச் சொன்னார், ஜைனபைக் கீழே போகச் சொன்னார், என்னை நடுவில் நிறுத்தினார். எனக்குக் காது நன்றாக இருந்தது, பிறர் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் குணம் இல்லை. அந்த இடத்துக்கு இரண்டும் தேவை என்றார்.

பள்ளி முடிந்த பிறகும் நாங்கள் விடவில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், துறைமுகக் குடியிருப்பில் பொங்கல் விழா, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். ஜைனபின் அத்தா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எங்கே பாடினாலும் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மழை இல்லாத நாளிலும் கையில் குடை. பாட்டு முடிந்தால் மகளைப் பார்த்து மட்டும் கை தட்டுவார். எங்களுக்கும் கொஞ்சம் தட்டக்கூடாதா என்று மேகலா கேட்டதற்கு, "உங்க அத்தாமாருங்களை வந்து தட்டச் சொல்லும்மா" என்றார்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், அதில்தான் உன் பிழை இருக்கிறது. எங்களுக்கு எப்போதும் ஒரே ஒரு மைக்தான். மைக் செட்காரர் ஒரு கம்பத்தை நட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நாங்கள் நிற்கும் இடத்தால்தான் தீர்மானித்துக்கொள்வோம். மேகலாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும், அதனால் அவள் மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி, முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வாள். ஜைனபின் குரல் கனமானது, ஆனால் மெல்லியது. அவள்தான் மைக்குக்கு மிக அருகில் நிற்பாள். நான் இருவருக்கும் பின்னால், அவர்கள் தோள்களுக்கு நடுவில். பார்க்கிறவர்களுக்கு என் நெற்றியும் பூவும்தான் தெரியும். பாட்டு நடக்கும்போதே அரையடி முன்னால் போவோம், பின்னால் வருவோம். மேகலா உச்சிக்குப் போகும் இடத்தில் நான் பின்வாங்குவேன். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் முன்னால் வந்து சுரத்தை இழுத்துப் பிடிப்பேன், இடைவெளி விழாமல். அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்பது அவளுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். அருள், நாடாவில் என் குரல் மெதுவாகக் கேட்பதற்கு யாரும் என்னை ஒதுக்கியது காரணமில்லை. அது அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அளந்து நின்றவள் நான். நீ என்னை நான் நின்ற இடத்திலிருந்து கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்திவிட்டாய்.

ஒரே பாட்டை ஆளுக்கொரு சுரத்தில் சேர்ந்து பாடும் இந்த முறை அன்றைக்கு நம் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கமானதும் இல்லை. கோயில் பாடகர் குழுவைக் கேட்டவர்களுக்குப் பரவாயில்லை. மற்றவர்களுக்கு, மூன்று பேர் பாடினால் மூன்று பேரும் ஒரே மெட்டைத்தான் பாட வேண்டும். காசிமேட்டில் மேகலாவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், முதல் பாட்டு முடிந்ததும் பெரியவர் ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். பின்னால் நிற்கும் பெண் தப்பாகப் பாடுகிறாள், அவளை உட்காரச் சொல்லுங்கள் என்றார். நான் கீழே இறங்கப் பார்த்தேன், அவ்வளவு ரோஷம். மேகலா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்: "பெரிப்பா, அவ ஒயுங்காத்தான் பாடிகினு கீறா. நீ வெறும் சோறா துன்னுவ? கொயம்பு ஊத்திக்கிற இல்ல? அவ கொயம்பு."

"அப்ப நான் என்ன, ஊறுகாயா?" என்று ஜைனப் மைக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டுவிட்டாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெரியவரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். என்னைக் குழம்பு என்றதற்காக வீடு வந்து சேரும்வரை நான் மேகலாவோடு பேசவில்லை.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. அவர்மேல் பழி விழுந்திருக்கிறது, பதில் சொல்ல அவர் இல்லை. அவர் என்னைப் பாடவிடாமல் தடுத்தவர் இல்லை, என் குரலைக் கேட்ட முதல் வெளியாள் அவர். திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் நண்பராக வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க இரும்புச் சத்தத்தில் இருப்பவர்களுக்குக் காது மந்தமாகிவிடும் என்பார்கள், அவருக்கு நேர்மாறாக இருந்தது. எந்தப் பல்சக்கரம் தேய்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாராம். பாட்டு முடிந்ததும் எல்லோரும் மேகலாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "நடுவுல ஒரு இடத்துல நீங்க இருமினீங்க இல்ல, அப்ப பாட்டு சப்பையா போயிடுச்சு. அதுவரைக்கும் நீங்க பாடுறதே எனக்குத் தெரியல" என்றார். பாராட்டா, குறையா என்று எனக்குப் புரியவில்லை. ஜைனப்தான் சொன்னாள், இந்த மாதிரிப் பேசுகிறவனை விட்டுவிடாதே என்று.

கல்யாணத்துக்குப் பிறகும் நான் பாடினேன். கடைசி நிகழ்ச்சிவரை அவர் வந்தார், ஜைனபின் அத்தாவுக்குப் பக்கத்து நாற்காலியில். வீட்டில் அவர் பாடுவார், அது உனக்கே நினைவிருக்கும். எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறார் என்று அவருக்கே தெரியாது, பாதியில் இன்னொரு சுருதிக்குப் போய்விடுவார். நானும் கூடவே போய் அவருக்குக் கீழே என் வரியைப் பாடுவேன். சிஸ்டர் கேட்டிருந்தால் இருவரையும் வெளியே நிறுத்தியிருப்பார். பிறர் பிழையைப் பொறுக்காதவள் என்று என்னைச் சொன்னார்கள் அல்லவா, உன் அப்பாவின் பிழையோடு சேர்ந்து பாடி எனக்குப் பல வருஷம் போனது. அவை நல்ல வருஷங்கள்.

நீயும் அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன்தான். மாலை ஜெபத்தில் அப்பாவும் நீயும் மெட்டைப் பாட, நான் எனக்குரியதைப் பாடுவேன். ஒருநாள் நீ புத்தகத்தை மூடிவிட்டு, "அம்மா, நீ ஏன் எப்பவும் வேற மாதிரியே பாடுற, எல்லாரும் பாடுற மாதிரி ஒழுங்கா பாடேன்" என்றாய். சரி என்று மறுநாள் உன்னோடு சேர்ந்து மெட்டையே பாடினேன். இரண்டாம் வரியில் நிறுத்தி, "என்னமோ இல்லம்மா, பழைய மாதிரியே பாடு" என்றாய். அன்றைக்கு உன் காது சரியாக இருந்தது. இப்போது என்ன ஆயிற்று என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கேசட்டுக்கு வருகிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை, ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. ஷெட்டுக்குள்ளேயே மேடை. வேலையாட்களில் ஒருவர் புதிதாக டேப் ரெக்கார்டர் வாங்கியிருந்தார், அதை மேடை விளிம்பில் வைத்துப் பதிவு செய்தார். அன்று மேகலாவுக்கு ஜலதோஷம். காலையிலிருந்தே குரல் கட்டியிருந்தது. போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, சொன்ன சொல்லுக்குப் போகாமல் இருந்தால் நைனா திட்டுவார் என்று வந்துவிட்டாள். கடைசிப் பாட்டில் ஓர் இடம் வரும், உனக்கு இப்போது மனப்பாடமாகியிருக்கும். மெட்டு ஒரே தாவாக மேலே போகும். அதற்கு முந்தின வரியில் அவள் தோள் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மேலே போக முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யோசிக்க நேரமில்லை. நான் முன்னால் வந்து அவள் மெட்டை எடுத்துக்கொண்டேன். அவள் நின்றுவிடுவாள், என் வரி காலியாகப் போகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நினைத்தேன்.

அவள் நிற்கவில்லை. பின்னால் நகர்ந்து, நான் நின்ற இடத்தில் நின்று, என் வரியைப் பாடினாள். அதே சுரங்கள், நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, நான் விடும் இடத்தில் விட்டு. யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தந்ததில்லை. முதல் குரல் பாடுகிறவர்களுக்கு இரண்டாம் குரல் காதில் விழாது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவளும் ஒருநாள்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு வரிதான். அது முடிந்ததும் இருவரும் அவரவர் இடத்துக்கு வந்துவிட்டோம். கீழே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும் வண்டியில் நான் கேட்டேன், என் வரி உனக்கு எப்படித் தெரியும் என்று. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "இத்தினி நாளா காதாண்டயே பாடிகினு கீற, தெரியாம இன்னா பண்ணும்" என்றாள்.

அருள், நீ அனுப்பிய பாட்டில் அந்த ஒரு வரியைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாக வைத்திருக்கிறாய். அம்மா முதல் குரல்தான் என்பதற்கு அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டாய் என்று எனக்குப் புரிகிறது. என் குரல் உச்சிக்குப் போகிறது, வயலின்கள் எழும்புகின்றன. எனக்கு அடியில் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், அவள் இல்லை. அதை நீ இரைச்சல் என்று நினைத்துத் துடைத்தாயோ, கம்ப்யூட்டரே துடைத்ததோ, எனக்குத் தெரியாது. மேகலா வாழ்நாளில் எத்தனையோ பாட்டைப் பாடியிருக்கிறாள். அதிலெல்லாம் சிறந்தது அந்த ஒரு வரி என்று நான் சொல்லுவேன், இந்த விஷயத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

குழு ஏன் நின்றது என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் யாராவது ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். மேகலா கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு, மேடை ஏற முடியாது என்றாள். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒரு நிகழ்ச்சியில் நான் முதல் குரல் பாடினேன். ஜைனபின் தங்கையை நடுவில் நிறுத்தினோம். நன்றாகவே பாடினேன், கை தட்டினார்கள், உன் அப்பாவும் தட்டினார். எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், நான் யாரையும் கேட்க முடியவில்லை. இறங்கி வந்து ஜைனபிடம் போதும் என்றேன். அவள், "அத்தாவுக்கும் முட்டி வலிக்குது, விடு" என்றாள். தியாகமும் இல்லை, தடையும் இல்லை. அதன்பிறகு கோயிலில் என் இடத்தில் நின்று பாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜைனப் கொரோனா சமயத்தில் போய்விட்டாள், அது உனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே இருந்து போனில் துக்கம் கேட்டேன்.

மேகலா இருக்கிறாள். காத்திவாக்கத்தில் சின்ன மகன் வீட்டில். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள், உயிர் தப்பிவிட்டாள், குரல் திரும்பவில்லை. காற்று மட்டும் வருகிறது. பக்கத்தில் காதை வைத்தால்தான் என்ன சொல்கிறாள் என்று தெரியும். சின்ன மருமகள் வந்தது ஆபரேஷனுக்குப் பிறகு. அந்தப் பெண் மாமியாரின் குரலைக் கேட்டதே இல்லை. நான் மாதம் ஒருமுறை போகிறேன், டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும், போகிற நேரத்தில் ஒரு ஜெபமாலை முடித்துவிடலாம். பொங்கலுக்குப் பிறகு போனபோது, உன் பாட்டு எனக்கு வந்து சேருவதற்கு முன்னால், கேசட் கிடைத்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். பக்கத்தில் வரச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

"என் கொரலு கீதா அதுல?" என்றாள்.

இருக்கிறது, முழுதாக இருக்கிறது, அருள் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்றேன். வீட்டில் வேறு எதிலாவது இருக்குமா என்று தேடியதாகச் சொன்னாள். அவள் பாடி வேறு எதிலும் பதிவாகவில்லை, எனக்குத் தெரிந்து அந்தக் கேசட் ஒன்றுதான். கல்யாணத்தில் போடுவார்களா என்று கேட்டாள். போடுவார்கள் என்றேன். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளை ஜாடையால் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள், நான் குனிந்து கேட்டேன். "இவளையும் இட்டுகினு வரேன். நான் பாடுவேன்னா நம்ப மாட்டேங்கறா. சிரிக்கிறா."

அந்தப் பெண் நல்ல பெண். "நான் எப்ப சிரிச்சேன், அத்தை கத வுடுறாங்க ஆயா" என்று என்னிடம் சொன்னாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அவர்கள் இருவரும் வரவேற்புக்கு வந்து முன்னால் உட்காருவார்கள். மேகலா புதுப்புடவை எடுத்துவிட்டாள், நீலம், அதுவும் எனக்குக் காட்டியாயிற்று. விளக்கைக் குறைத்து, "எங்கள் பாட்டியின் குரல்" என்று அறிவித்து, நீ செய்துவைத்திருப்பதைப் போட்டால், அவள் தன் குரலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாட்டு முடியும்வரை தேடுவாள். பக்கத்தில் மருமகள் இருப்பாள். நான் மேடையிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு நான் வரமாட்டேன், அருள். ஷெரினுக்கு ஆசீர்வாதம் வீட்டிலிருந்தே செய்வேன். மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே, முன்கூட்டியே சொல்வது மரியாதை.

உனக்கு என்ன ஆசை என்று எனக்குத் தெரியும். அம்மா எப்போதும் பின்னால் நின்றாள், ஒருநாளாவது முன்னால் நிற்கட்டும் என்று நினைக்கிறாய். சமையலறையில் நிற்கும்போதும், அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நிற்கும்போதும், நீ என்னை அப்படித்தான் பார்த்திருக்கிறாய். அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் தள்ளப்பட்டவர்கள் இல்லையப்பா. சிலர் அங்கே நின்றால்தான் எல்லோரையும் கேட்க முடியும் என்பதற்காக நிற்கிறார்கள். ஷெரினுக்கும் மாப்பிள்ளைக்கும் நீ அறிவுரை சொல்ல ஆசைப்படுவாய், மேடையில் மைக் கிடைத்தால் விடமாட்டாய். சுருக்கமாகச் சொல். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளட்டும், யார் எப்போது முன்னால் வருவது என்று அவர்களே பழகிக்கொள்வார்கள். இதற்கு மேல் கல்யாணத்தைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். வாட்ஸ்அப் குழுவில் எழுதியதைத் திருத்து: முதல் குரல் மேகலா, இரண்டாம் குரல் உன் அம்மா, அடிக்குரல் ஜைனப். அப்பாமேல் பழி விழவைத்த அந்தத் தியாகப் பேச்சை எடுத்துவிடு. வயலின்களைத் தூக்கிவிடு. நாடாவில் இருந்தபடியே, ஷெட்டின் எதிரொலியும், எவரோ "உக்காருப்பா" என்று கத்துவதும், முன்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் கை தட்டுவதும் எல்லாம் சேர்த்துப் போடு. என் குரல் மெதுவாகத்தான் கேட்கும், கேட்கட்டும். கேசட்டைக் கவனமாக வைத்திரு, பழையபடி கேட்க முடியாத அளவுக்கு அதில் எதையாவது செய்துவிட்டாயா என்பதையும் மறைக்காமல் சொல்.

போன் செய்யாதே. போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பிறகு உனக்குத் தோன்றியதைச் செய்வாய், ஐந்தாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் மாற்ற மாட்டாய். அதனால் காகிதத்தில் எழுதித் தபாலில் போடு. நீளமாக வேண்டாம், வரவேற்பில் எந்தப் பாட்டைப் போடப்போகிறாய் என்று எழுதினால் போதும். காத்திவாக்கத்திலிருந்து மேகலாவை அழைத்துவர வண்டி சொல்ல வேண்டும். உன் பதிலைப் படித்த பிறகுதான் சொல்வேன்.

அன்புடன்,
அம்மா